ஆஸ்பத்திரிக்குள்ள ஆயுதக்காரங்க இருந்தா குண்டு போடலாமா?

கேள்வி:
ஆஸ்பத்திரி மேல குண்டு விழுந்துச்சுன்னு நியூஸ் வரும்போதெல்லாம், அடிச்சவங்க உள்ள எதிரி ஆளுங்க இருந்தாங்கன்னு சொல்லிடுறாங்க. சரி இருந்தாங்கன்னே வெச்சுக்குவோம், அப்போ அடிச்சது சட்டப்படி சரியாகிடுமா? தெரிஞ்சவங்க விளக்குங்க.

பதில் 1:
அதுனால மட்டும் சரியாகாது. போர்ல பொதுமக்கள பாதுகாக்குற 1949 நாலாவது ஜெனீவா ஒப்பந்தத்துல பிரிவு 18, ஆஸ்பத்திரிய தாக்கவே கூடாதுங்குது. 19தான் விதிவிலக்கு. ஆஸ்பத்திரிய வெச்சு எதிரிக்கு கெடுதல் பண்ணா பாதுகாப்பு போகும், ஆனா அப்பவும் முதல்ல எச்சரிக்கணும், நியாயமான டைம் குடுக்கணும், அதையும் கேக்கலன்னாதான். காயம்பட்ட போராளி பெட்ல படுத்திருக்கான், அவன்கிட்ட வாங்கி வெச்ச துப்பாக்கி ஓரமா கெடக்கு, இதெல்லாம் கெடுதல்ல சேராதுன்னு அதே பிரிவுல இருக்கு. இத எல்லாரும் படிக்கணுங்க, 'உள்ள ஆள் இருந்தான்'ங்கிற வாதத்துல பாதி இங்கயே அடிபட்டுடும்.

எச்சரிச்சாச்சுன்னாலும் நோயாளியும் நர்சும் டார்கெட் ஆகிட மாட்டாங்க. கிடைக்கிற ராணுவ லாபத்த விட பொதுமக்கள் சாவு ரொம்ப மிஞ்சிப் போகும்னா அடிக்கக்கூடாது.

பதில் 2:
எழுத்துல இருக்கு ப்ரோ, நடக்குறது வேற. 2015 அக்டோபர் 3, ஆப்கானிஸ்தான் குண்டூஸ்ல எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போட ஆஸ்பத்திரிய அமெரிக்க விமானம் அடிச்சு 42 பேர் செத்தாங்க. ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு ஜிபிஎஸ் விவரத்த அந்த அமைப்பு முன்னாடியே குடுத்திருந்துச்சு, அடி விழுந்துட்டு இருக்கும்போதே போன் போட்டு கெஞ்சுனாங்க. கடைசில 16 பேர் மேல துறை நடவடிக்கை, கிரிமினல் கேஸ் ஒண்ணு கூட கிடையாது. வேற கட்டிடம்னு நெனச்சு அடிச்சோம், வேணும்னு பண்ணல, அதனால போர்க்குற்றம் இல்லன்னு அமெரிக்க ராணுவம் சொல்லிடுச்சு. படிச்சப்ப வயிறு எரிஞ்சுது.

பதில் 1:
உங்க கோவம் நியாயம். சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்த உருவாக்குன ரோம் சாசனத்துலயும் 'வேணும்னே தாக்குறது'தான் குற்றம், அந்த ஒரு வார்த்தைல நெறைய பேர் தப்பிச்சுடுறாங்க. ஆனா ரெண்டையும் குழப்பிக்காதீங்க, தனி ஆள் மேல குற்றம் நிக்கலன்னாலும் சட்டமீறல் மீறல்தான். குண்டூஸ் விசாரணைலயே போர்ச்சட்டத்த கடைப்பிடிக்கலன்னு ராணுவமே ஒத்துக்கிச்சு. அடிக்குறதுக்கு முன்னாடி இலக்கு எதுன்னு சரிபார்க்குறது கட்டாயக் கடமை.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. எதிர்ப்பக்கம் ஒரு நாடே இல்ல, ஆயுதக்குழுன்னா?

பதில் 1:
நாலு ஜெனீவா ஒப்பந்தத்துலயும் பொதுவா இருக்குற பிரிவு 3, ஆயுதக்குழுவையும் கட்டுப்படுத்தும். ஆஸ்பத்திரிய கேடயமா வெச்சு சண்டை போட்டா அவங்களும் சட்டத்த மீறுறாங்க, அதுக்காக அடிக்கிற பக்கத்துக்கு எச்சரிக்க வேண்டிய கடமை போயிடாது.