ஜெர்சி நம்பர் மாற்றம்: தமிழில் என்ன எழுதலாம்?

அல்சூரிலிருந்து, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கான கால்பந்துப் போட்டிக்கு அணிப் பட்டியல் படிவம் அச்சடிக்க வேண்டும். கன்னடமும் ஆங்கிலமும் தயார். தமிழ் என் பொறுப்பு, வெள்ளி காலைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இரண்டு கட்டங்களில் மாட்டிக்கொண்டேன். ஒன்று ஜெர்சி நம்பர். இன்னொன்று, ஆட்டக்காரர் அந்த நம்பரை மாற்றிக்கொண்டால் குறிக்கிற கட்டம். போன முறை ஒரு பையன் முதல் ஆட்டத்தில் 7 போட்டான், அடுத்த ஆட்டத்தில் 10 போட்டான், அவன் அடித்த கோலை நடுவர் வேறொரு பையன் பெயரில் எழுதிவிட்டார். கோல் அடித்தவன் அன்று அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான். "மேலாடை எண் மாற்றம்" என்று எழுதிப் பார்த்தேன், துணிக்கடையில் அளவு மாற்றுவதுபோல இருக்கிறது. உதவுங்கள்.

ஜாலஹள்ளியிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, "அணியெண்" என்று எழுதுங்கள். அணிந்த எண், அணிகின்ற எண், அணியும் எண் என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. அணியின் எண் என்று விரித்தால் ஆறாம் வேற்றுமைத்தொகை. உடுத்துவதும் குழுவும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகிறது, இப்படி ஒரு வசதி வேறு மொழியில் கிடைக்காது. மாற்றத்துக்கும் இரண்டு சொல் வேண்டும்: தானாக விரும்பி மாறினால் "அணியெண் மாறல்", பிறரால் மாற நேர்ந்தால் "அணியெண் மாற்றல்". ரொனால்டோ 2009இல் ரியல் மாட்ரிட் போனபோது 7 ராவுலிடம் இருந்தது, அதனால் 9 போட்டார். ராவுல் போன பிறகு 2010இல் 7க்கு வந்தார். முன்னது மாற்றல், பின்னது மாறல். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் நடந்தது பாதிதான் தெரியும்.

ஆஸ்டின் டவுனிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா, இலக்கணம் சரிதான், ஆனால் அந்தப் படிவத்தின் முதல் வரியைப் பாருங்கள். குலுக்கலில் ஒவ்வொரு அணிக்கும் வந்த "அணி எண்" ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறது! பன்னிரண்டு வயசுப் பையனுக்கு ஓர் இடைவெளியில் வித்தியாசம் தெரியாது, இரண்டிலும் ஒரே எண்ணை எழுதிக் கொடுப்பான். நான் இருபது வருஷமாக இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், சொல்கிறேன்.

அப்புறம், முதலில் எண் எதற்கு வந்தது என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1928 ஆகஸ்ட் 25 அன்று ஆர்சனலும் செல்சியும் தங்கள் ஆட்டங்களில் எண் போட்ட சட்டையோடு இறங்கின. 1933 எஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தில் எவர்ட்டனுக்கு 1 முதல் 11, மான்செஸ்டர் சிட்டிக்கு 12 முதல் 22. அந்தக் காலத்தில் எண் என்பது ஆடுகிற இடம். 2, 3 என்றால் பின்காப்பு, 9 என்றால் நடு முன்களம். இந்த வாரம் 9 போட்டவர் அடுத்த வாரம் 8 போடுவார், யாரும் அதை மாற்றம் என்று சொல்லவில்லை. எண் அங்கேயே இருந்தது, ஆள்தான் மாறினார். பிரீமியர் லீகில் 1993இல்தான் பருவம் முழுக்க ஒருவருக்கு ஒரே எண் என்று வந்தது. எண் ஆளோடு ஒட்டிய பிறகுதான் மாறினால் செய்தியாகிறது. பார்சிலோனாவில் மெஸ்ஸி 30, அப்புறம் 19, 2008இல் ரொனால்டினோ போன பிறகு 10. பிள்ளைகளுக்கு இந்தக் கதையெல்லாம் மனப்பாடம். "சட்டை எண்" போதும். யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து, செவ்வாய் இரவு

ஆஸ்டின் டவுன் அண்ணன் சொன்னதைப் படித்ததும் எனக்குச் சங்கப் பாடல்களில் போரைப் பாடும் புறத்திணைதான் நினைவுக்கு வந்தது. வீரர்கள் செய்யும் வேலைக்குத் தக்க பூவைச் சூடுவார்கள். ஆநிரை கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை, மதில் காத்தால் நொச்சி, வளைத்தால் உழிஞை. பூ ஆளுக்கு உரியதில்லை, வேலைக்கு உரியது. 1 போட்ட கோல்கீப்பர் நொச்சி சூடியவர், 9 போட்டவர் உழிஞை சூடியவர். அதனால் "எண்சூடல்" என்றும், மாற்றினால் "எண் மறுசூடல்" என்றும் சொல்லலாம். 1974 உலகக் கோப்பையில் நெதர்லாந்து அகரவரிசைப்படி எண் கொடுத்தது, கோல்கீப்பர் யோங்பிளட் 8 போட்டார், கிராய்ஃப் மட்டும் தன் 14ஐ விடவில்லை. சூடியதைக் களைய மாட்டேன் என்கிற உறுதி அது. "சட்டை எண்" என்பதில் இந்த உணர்வு வரவே வராது.

சிவாஜி நகரிலிருந்து, புதன்

எண் முதுகில்தானே இருக்கிறது? "முதுகெண்" என்று ஏன் சொல்லக் கூடாது? சின்னச் சொல். அதோடு ஒரு சந்தேகம்: 1998இல் இன்டர் மிலனில் சமோரானோ தன் 9ஐ ரொனால்டோவுக்கு (பிரேசில்காரர்) விட்டுக்கொடுத்துவிட்டு 18 போட்டார், நடுவில் ஒரு கூட்டல் குறியையும் வைத்துக்கொண்டார். 1+8. அது மாறியதா, மாறாததா?

ஜாலஹள்ளியிலிருந்து, புதன் மாலை

முதுகெண் வேண்டவே வேண்டாம். புறமுதுகு காட்டுவதை இழிவென்றும் மார்பில் பட்டதை விழுப்புண் என்றும் சொன்ன மொழியில் ஆட்டக்காரன் பெருமையை முதுகில் ஏற்றாதீர்கள். "சட்டை" பற்றியும் எனக்குத் தயக்கம் உண்டு. பாம்பு உரிப்பதும் சட்டை, மதிப்பதும் சட்டை செய்வது. சட்டை எண் மாற்றம் என்றால் தோலுரிப்பு மாதிரி காதில் விழுகிறது.

சமோரானோ கேள்வி அருமையானது. பதினெட்டு என்பது பத்தும் எட்டும் சேர்ந்த உம்மைத்தொகை. அவர் அதை ஒன்றும் எட்டும் என்று எண்ணும்மையாக விரித்துவிட்டார். தொகை மாறியிருக்கிறது, பொருள் மாறவில்லை. ஆகவே அது மாறலும் இல்லை, மாற்றலும் இல்லை, "எண் விரித்தல்".

இந்திரா நகரிலிருந்து, புதன் இரவு

நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுவார்கள், கன்னடம்தான் பள்ளிக்கூட மொழி. கன்னடத்தில் சட்டைக்கு அங்கி என்பார்கள். நமக்கும் அங்கி உண்டு. "அங்கி எண்" என்றால் இரண்டு பக்கமும் புரியும்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து, வியாழன் காலை

தமிழில் அங்கி என்றால் வக்கீல் கவுன், பாதிரியார் உடுப்பு. அங்கிக்கு நெருப்பு என்றும் பொருள் உண்டு. கன்னடத்தை ஒட்டித்தான் சொல் வேண்டுமென்றால் ஜெர்சி என்றே விடலாம், அதுவே ஆங்கிலக் கால்வாயில் இருக்கிற ஒரு தீவின் பெயர், அங்கே பின்னிய கம்பளிச் சட்டைக்கு வந்தது. தீவின் பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லையே?

அல்சூரிலிருந்து, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி, எனக்குத் தூக்கம் வருகிறது. இன்று கௌதம்புராவில் பெலே சிலைப் பக்கம் ஆடிக்கொண்டிருந்த ஆறு பிள்ளைகளிடம் காகிதத்தைக் காட்டினேன். அணியெண் என்பதை நாலு பேர் குலுக்கல் எண் என்று நினைத்தார்கள். எண்சூடல் என்றதும் ஒருத்தி, சூடாக இருக்குமா அக்கா என்று கேட்டாள். சட்டை எண்ணை எல்லோரும் சட்டென்று புரிந்துகொண்டார்கள். "சட்டை எண்", "எண் மாற்றம்" என்றே அனுப்புகிறேன். இங்கேயும் நாலைந்து பேர் அதற்குச் சம்மதம் என்று தனியாக எழுதியிருக்கிறார்கள்.

ஜாலஹள்ளியிலிருந்து, வெள்ளி காலை

அச்சுக்குப் போகட்டும் அம்மா, பிள்ளைகளுக்குப் புரிவது முக்கியம். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். குலுக்கல் எண்ணைக் "குலுக்கல் எண்" என்றே எழுதியிருந்தால் அணியெண்ணுக்கு இடம் கிடைத்திருக்கும். அடுத்த வருஷப் படிவத்துக்கு இப்போதே கேட்டு வைக்கிறேன். நான் எழுதும் இடத்தில் அணியெண் என்றுதான் எழுதுவேன்.

ஆஸ்டின் டவுனிலிருந்து, வெள்ளி மதியம்

ஐயா, ஒன்று கேட்க மறந்தேன். ஆட்ட நடுவில் சட்டையில் ரத்தம் பட்டால் நடுவர் வெளியே அனுப்புவார், பையன் பெஞ்சில் கிடக்கிற வேறு எண் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடி வருவான். அது மாறலா, மாற்றலா?