கலை வரலாற்று நூல்களை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்க முடியுமா?

நீலத்திரை கேட்டது:
வணக்கம். நான் ஜெர்மனியிலேயே பள்ளிக்கூடம் படித்து வளர்ந்தவள். கலை வரலாற்றில் முதுகலை முடிக்கப்போகிறேன், துணைப்பாடம் இத்தாலிய மொழி. அருங்காட்சியகங்களில் ஒரு இடத்துக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று பார்த்தபின் வேறு வழி யோசிக்கிறேன். ஆங்கிலத்திலும் இத்தாலியனிலும் வரும் கலை வரலாறு, பண்பாட்டு வரலாறு நூல்களை ஜெர்மனுக்கு மொழிபெயர்ப்பதை முழுநேரத் தொழிலாகச் செய்ய முடியுமா? அதற்குத் தனிப் பட்டம் வேண்டுமா? வருமானத்தைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. அம்மா வேறு "அதெல்லாம் ஒரு வேலையா பிள்ளை" என்கிறார்.

பழையசுவடி:
பட்டம் கட்டாயமில்லை. ஜெர்மனியில் மொழிபெயர்ப்பாளர் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், நீதிமன்ற ஆவணங்களுக்குச் சத்தியப்பிரமாணம் செய்தவர்களுக்குத்தான் தனி விதி. டுசெல்டார்ஃப் பல்கலைக்கழகத்தில் இலக்கிய மொழிபெயர்ப்புப் படிப்பு இருக்கிறது, நல்ல படிப்புதான். ஆனால் உங்கள் துறையில் பதிப்பகம் முதலில் பார்ப்பது கலை வரலாறு தெரியுமா, ஜெர்மன் நடை எப்படி என்ற இரண்டையும்தான்.

வேலையில் பாதி நூலகத்தில் நடக்கிறது, இதைத்தான் வெளியில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். ஆங்கில ஆசிரியர், கலைஞர்களின் வாழ்க்கையை எழுதிய 16ஆம் நூற்றாண்டு இத்தாலியர் வசாரியை ஆங்கிலப் பதிப்பிலிருந்து மேற்கோள் காட்டியிருப்பார், நீங்கள் அந்த ஆங்கிலத்தை அப்படியே ஜெர்மனாக்கிவிட்டுப் போக முடியாது, வாகன்பாக் பதிப்பகம் 2004 முதல் 2015 வரை 45 தொகுதிகளாக வெளியிட்ட ஜெர்மன் வசாரியில் அந்த இடத்தைத் தேடிப் பக்க எண்ணோடு போட வேண்டும். ஜெர்மனில் எழுதிய கலை வரலாற்று அறிஞர்களான புர்க்ஹார்ட்டையோ வார்பர்க்கையோ ஆங்கிலத்தில் மேற்கோள் காட்டியிருந்தால் மூல ஜெர்மன் வாக்கியத்தையே கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் அங்குலத்தைச் சென்டிமீட்டராக்குவது, ஓவியத்தின் பெயர் அதை வைத்திருக்கும் அருங்காட்சியகம் சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. மியூனிக், புளோரன்ஸ், ரோம் ஆய்வு நிறுவனங்களின் பொது நூற்பட்டியலான குபிகாட்டை இப்போதே நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள்.

கூலி "நோர்ம்ஸைட்டெ" கணக்கில், அதாவது 30 வரி, வரிக்கு 60 எழுத்து கொண்ட பக்கம் ஒன்றுக்கு இவ்வளவு என்று. 20 யூரோவை ஒட்டித்தான் பேச்சு ஓடும், பெரும்பாலும் அதற்குக் கீழே. 400 பக்க நூலுக்கு 8000 யூரோ வந்தால் சந்தோஷப்படுங்கள், அதற்கு நான்கைந்து மாதம் போய்விடும். அடிக்குறிப்புகளும் நூற்பட்டியலும் கணக்கில் சேருமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். தேடிய நேரத்துக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

அச்சுமை:
மேலே சொன்னது ஆய்வு நூல்களுக்கு. படப் புத்தகம் வேறு உலகம். பல நாட்டுப் பதிப்பகங்கள் சேர்ந்து அச்சிடும்போது வண்ணத் தகடுகள் எல்லா மொழிக்கும் ஒன்றுதான், கறுப்பு எழுத்துத் தகடு மட்டும் மாறும். படம் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. ஜெர்மன் உரையோ ஆங்கிலத்தைவிட நீளும், ஆகவே ஆங்கிலம் நிரம்பிய அதே பெட்டிக்குள் அதை அடக்க வேண்டும். எதை விடலாம் என்று தெரிந்து வெட்டுகிற ஆளைத்தான் பதிப்பாசிரியர்கள் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள்.

இன்னொன்று, அருங்காட்சியகப் பட்டியல் நூல்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அங்கே அதிகம் தேவைப்படுவது ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு, அதை ஆங்கிலம் தாய்மொழியானவர்களிடம்தான் கொடுப்பார்கள். உங்களுக்கு வருவது வெளிநாட்டு அறிஞர்களின் கட்டுரைகள். அதுவும் கண்காட்சி திறக்கும் நாள் கழுத்தை நெரிக்கும்போது.

கணக்குப்பிள்ளை:
சமூகக் காப்பீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நூல் மொழிபெயர்ப்பவர்கள் எழுத்தாளர் வரிசையில் கே.எஸ்.கே. என்ற கலைஞர் சமூகக் காப்பீட்டில் சேரலாம். ஓய்வூதியம், மருத்துவம், பராமரிப்புக் காப்பீடுகளுக்கு நீங்கள் பாதி கட்டினால் போதும், மீதியை அரசும் பதிப்பகங்கள் போன்ற பயன்படுத்துவோரும் கட்டுகிறார்கள். தொடக்கக்காரர்களுக்குச் சலுகைக் காலம் முடிந்தபின் ஆண்டுக்கு 3900 யூரோவுக்கு மேல் இந்த வேலையில் வரவேண்டும். எழுத்தாளர்களுக்கான உரிமைத்தொகையை வசூலித்துப் பிரித்துத் தரும் வி.ஜி. வோர்ட் அமைப்பிலும் பதிவு செய்யுங்கள், நகலெடுப்பு, நூலக இரவல் கட்டணங்களில் மொழிபெயர்ப்பாளருக்கும் பங்கு உண்டு.

விற்பனைப் பங்கு என்றால், ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2009ல் பக்கக் கூலிக்கு மேல் கெட்டி அட்டைக்கு 0.8, காகித அட்டைக்கு 0.4 சதவீதம் என்று சொன்னது, ஆனால் 5000 பிரதிக்குப் பிறகுதான். கலை வரலாற்று நூல் எத்தனை அந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆகவே அம்மாவிடம் சொல்லுங்கள், இது வேலைதான், ஆனால் பக்கத்தில் இன்னொரு வேலையும் வேண்டும்.

ஒற்றைத்தூண்:
டீப்எல் மாதிரி மொழிபெயர்ப்பு இயந்திரம் வந்தபின் இதில் இறங்குவது துணிச்சல்தான். பதிப்பகங்கள் இயந்திரம் தந்ததைத் திருத்திக் கொடு என்று பாதிக் கூலி பேசத் தொடங்கிவிட்டன.

பழையசுவடி:
சிலர் பேசுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் 1933ல் ஹாம்பர்கில் வேலை பறிக்கப்பட்ட கலை வரலாற்று அறிஞர் பனோஃப்ஸ்கி போன்றவர்கள் அமெரிக்கா போய் ஆங்கிலத்தில் எழுதியதை இயந்திரத்திடம் கொடுத்துப் பாருங்கள். ஜெர்மனில் சிந்தித்துப் பழகிய மனிதர்கள், ஆங்கிலத்தில் இலகுவாக, நகைச்சுவையோடு எழுதக் கற்றுக்கொண்டவர்கள். திரும்ப ஜெர்மனுக்கு வரும்போது பழைய பேராசிரியர் நடைக்குப் போய்விடக் கூடாது. அந்த முடிவை யாரோ ஒருவர் உட்கார்ந்து எடுக்க வேண்டும், அதற்குப் பாதிக் கூலி போதாது.

நீலத்திரை:
நன்றி, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். முதல் நூல் எப்படிக் கிடைக்கும்? அதையும் சொல்லிவிடுங்கள்.

அச்சுமை:
இத்தாலியனைக் கையில் வைத்திருப்பதுதான் உங்கள் பலம், ஆங்கிலத்துக்குப் போட்டி ரொம்ப அதிகம். ஜெர்மனில் வராத ஒரு சின்ன நூலைப் பிடியுங்கள், உரிமை இன்னும் விற்கப்படாமல் இருக்கிறதா என்று மூலப் பதிப்பகத்திடம் கேளுங்கள், பத்துப் பக்க மாதிரியும் நூல் பற்றிய இரண்டு பக்க மதிப்புரையும் எழுதி, அந்தத் துறைக்குப் பொறுப்பான பதிப்பாசிரியருக்குப் பெயர் போட்டு அனுப்புங்கள். அந்த நூல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறொன்றைக் கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. 1954ல் தொடங்கிய நூல் மொழிபெயர்ப்பாளர் சங்கத்தில் சேர்ந்தால் மாதிரி ஒப்பந்தம் கிடைக்கும். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் ஜெர்மனியின் ஸ்ட்ராலன் ஊரில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் இல்லத்துக்கு விண்ணப்பியுங்கள், நூலகத்துக்குள்ளேயே தங்கி வேலை செய்யலாம்.