ஏப்ரல் 15 கெடு: காத்திருப்புப் பட்டியல் பற்றி ஓர் உதவி

புதுச்சேரி, கடலூர் பக்கத்து மானிடவியல் நண்பர்களே, அமெரிக்க பிஎச்.டி. சேர்க்கையில் ஒரு சந்தேகம். எனக்கு ஓரிடத்தில் உதவித்தொகையோடு சீட். விரும்பிய துறையில் காத்திருப்புப் பட்டியல். கிடைத்த சீட்டுக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை நேரம். அங்கே கிழக்குக் கரையில் அன்று நள்ளிரவு என்றால் நமக்கு 16 காலை 9.30. இரண்டு மூன்று சீட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் கடைசி நேரத்தில்தான் விடுகிறார்கள், அதனால் பட்டியலும் அப்போதுதான் நகரும். (வேண்டாததை இன்றே விடுங்கள், புண்ணியமாகப் போகும்!)

சேர்க்கைப் பொறுப்பாளருக்கு மெயில் போடும்போது "இடம் கிடைத்தால் நிச்சயம் வருவேன்" என்ற ஒரு வரி போதுமா? தேவனாம்பட்டினம் மீனவர்களின் சுருக்குமடி வலைச் சிக்கல் பற்றிய களப்பணித் திட்டம் விண்ணப்பத்துக்குப் பிறகு கொஞ்சம் மாறியிருக்கிறது. அதையும் நாலு வரியில் சேர்க்கலாமா? பட்டியலில் எத்தனையாவது இடம் என்று கேட்டால் சொல்வார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.