ரீமேப் போட்ட பிக்கப்பில் பிஸ்டன் ஓட்டை: மொத்த வாரண்டியும் ரத்து என்று சொல்ல முடியுமா?

வெண்ணாற்றங்கரை (திரி தொடங்கியவர்)

ஒரத்தநாடு பக்கம் கொள்முதல் நிலையத்திலிருந்து நெல் ஏற்றும் பிஎஸ்-6 டீசல் பிக்கப். நான்கு சிலிண்டர், காமன் ரெயில் (டீசல் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டருக்கும் பொதுவான உயரழுத்தக் குழாய்). வாரண்டி 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. 71,000 கி.மீ.யில் மூன்றாம் சிலிண்டர் பிஸ்டனில் ஓட்டை விழுந்து வண்டி நின்றுவிட்டது. வண்டியில் செய்த மாற்றங்களை மறைக்கவில்லை: பின்னால் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதல், பக்கப்பலகை ஓரடி உயரம், வெளிப்பட்டறையில் ரீமேப் (டீசல் அளவு முதலியவற்றை இன்ஜின் கணினிக்குச் சொல்லும் 'மேப்' கோப்பை மாற்றி எழுதுவது), ஈஜிஆர் (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) வழியில் தகடு வைத்து அடைப்பு. உரிமையாளரே ஓட்டுநர். ஷோரூமில் வாய்வார்த்தையாகச் சொன்னது: "வண்டியை மாத்திட்டீங்க, வாரண்டி மொத்தமும் போச்சு."

இதை ஏற்க முடியாது. மாற்றம் இருக்கிறது என்பது வேறு, அந்த மாற்றம்தான் ஓட்டை போட்டது என்பது வேறு. இரண்டாவதைக் காட்ட வேண்டியவர் மறுப்பவர்தான். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீது போட்ட உத்தரவும் இதே திசையில்தான் போகிறது: வெளிப்பட்டறைக்குப் போனதற்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம்.

பே நம்பர் 4

அண்ணே, அந்த உத்தரவு பழுதுபார்ப்பைப் பற்றியது. வெளியில் பிரேக் ஷூ மாற்றுவதும் இன்ஜினுக்குள் போகும் டீசல் அளவையே மாற்றுவதும் ஒன்றில்லை. அதை இங்கே கொண்டுவந்தால் முதல் கேள்வியிலேயே வாதம் நிற்காது.

ரீமேப்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். டார்க் (சுழற்று விசை) வரம்பு, புகை வரம்பு, ரெயில் அழுத்தம், டர்போ பூஸ்ட் நான்கையும் ஏற்றுவார்கள். காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் வெளியேறும் புகையின் வெப்பம் ஏறும். டர்போவுக்கு முன்னால் அது 700–750 டிகிரியைத் தாண்டி நீடித்தால் பிஸ்டனுக்கு ஆபத்து. பிஸ்டன் அலுமினியம்-சிலிக்கான் கலவை. 570–580 டிகிரியில் உருகத் தொடங்கும், வலு அதற்கு வெகு முன்பே குறைந்துவிடும். கீழிருந்து ஆயில் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஜெட்டின் அளவு கம்பெனி மேப்புக்குக் கணக்குப் பண்ணியது, கூட்டிய சக்திக்கு அல்ல.

அடுத்தது லோடு. ஒன்றரை டன் ஏற்றும் வண்டியில் 40 கிலோ மூட்டை 37 ஏற்றலாம். பட்டை கூட்டிப் பலகை உயர்த்தியவர் 37-இல் நிறுத்துவதற்காகவா செய்தார்? 60 மூட்டை என்றால் 2.4 டன்.

மூணாறு தலைப்பு

டெல்டா சமதளம், மலை ஏற்றம் கிடையாது, அதனால் அதிக லோடு இன்ஜினைத் தொடாது என்று நம்மூரில் பரவலாகச் சொல்கிறார்கள். நான் உடன்படவில்லை. தார் ரோட்டில் 50-இல் போகும்போது சிரமமில்லை, சரி. களத்திலிருந்து வாய்க்கால் கரை மண்பாதையில் முதல் கியரில் ஏறி வரும்போதுதான் சோதனை. முழு லோடு, மெல்லிய வேகம், முன்னால் காற்று வராது. அறுவடை நேரத்தில் ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே பதரும் வைக்கோல் தூசியும் கம்பளம் மாதிரி அடைந்திருக்கும். முன்பக்கம் பார்த்தால் சுத்தமாகத் தெரியும், இரண்டையும் பிரித்தால்தான் தெரியும். இன்டர்கூலர் அடைந்தால் உள்ளே போகும் காற்றே சூடு. அதன் மேல் ரீமேப்பும் இருந்தால் என்ன ஆகும்?

சொந்த வண்டி வைத்திருப்பவனாகவே சொல்கிறேன்: ரீமேப் போட்டவர் இன்ஜின் வாரண்டி கேட்பது நியாயமில்லை. மைலேஜ், பிக்கப் லாபத்தை அவர் எடுத்துக்கொண்டு, சேதத்தை மட்டும் கம்பெனி ஏற்க வேண்டும் என்பது சரியா?

பம்ப் ரூம்

நியாய அநியாயத்துக்கு முன்னால் பிஸ்டனைப் பாருங்கள். நாலில் ஒன்றுதானே ஓட்டை? மற்ற மூன்றும் எப்படி இருக்கின்றன? திரியில் யாருமே கேட்கவில்லை, ஆனால் வழக்கே அதில்தான் இருக்கிறது.

மேப்பால் வந்த சூடு நான்கு சிலிண்டருக்கும் பொது. ஒன்று உருகியிருந்தாலும் மற்ற மூன்று பிஸ்டன் தலையிலும் இருக்கும் கிண்ணக் குழியின் விளிம்பில் மயிரிழை வெடிப்பு, மேல் ரிங் பள்ளத்தில் தளர்வு, டர்போவின் டர்பைன் பக்கத்திலும் மேனிஃபோல்டிலும் நிறமாற்றம் அல்லது வெடிப்பு, இதில் ஏதாவது இருக்கும்.

இன்ஜெக்டர் ஒழுகினால் அது ஒரே சிலிண்டரின் வேலை. ஊசி சரியாக உட்காராமல் டீசல் சொட்டும், அந்த இடத்தில் தொடர்ந்து எரியும், பிஸ்டன் தலையில் ஒரு ஸ்ப்ரே வரும் திசையில் மட்டும் அரிப்பு விழும். அதே பக்கம் லைனரில் (சிலிண்டரின் உட்சுவர்) ஆயில் கழுவப்பட்டுக் கோடு கோடாக உரசல் தெரியும். மற்ற மூன்று பிஸ்டன் தலையும் ஒரே சாம்பல் நிறத்தில் நல்லபடி இருக்கும்.

செய்ய வேண்டியது: நான்கு இன்ஜெக்டரையும் எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று எழுதி ஒட்டிக் கழற்ற வேண்டும். கழுவக்கூடாது, அல்ட்ராசோனிக்கில் போடவே கூடாது. போட்டால் சாட்சி போய்விடும். சோதனை பெஞ்சில் ஊசி அடைப்பு, ரிட்டர்ன் கசிவு, ஐடில், நடு லோடு, முழு லோடு மூன்றிலும் டீசல் அளவு, இவை எல்லாம் பதிவாக வேண்டும். இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் திருத்தக் குறியீட்டை இசியூவில் (இன்ஜின் கணினி) ஏற்றியிருக்கும் குறியீட்டோடு ஒப்பிட வேண்டும். இடம் மாற்றிப் போட்டுவிட்டுக் குறியீட்டை மாற்றாமல் விட்டிருந்தால் அந்தச் சிலிண்டருக்கு அளவு தப்பும். அடியில் இருக்கும் காப்பர் வாஷரையும் எடுத்து வையுங்கள். பழைய வாஷர் மேலேயே புதியதைப் போட்டால் நாசில் (இன்ஜெக்டரின் முனை) உயர்ந்து, ஸ்ப்ரே கிண்ணத்துக்கு வெளியே போய்ப் பிஸ்டன் தலையைச் சுடும். கடைசியாக மூன்றாம் சிலிண்டரின் ஆயில் ஜெட் அடைந்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். ஜெட் அடைப்பு என்றால் மேப்புக்கு அதில் பங்கே இல்லை.

பே நம்பர் 4

பம்ப் ரூம் சார் சொன்ன பரிசோதனைகளில் எனக்கு மறுப்பில்லை. முடிவில்தான் மறுப்பு. நான்கு சிலிண்டரும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. தண்ணீர் ஓட்டம், காற்றுப் பங்கீடு, இன்ஜெக்டர் தேய்மானம் எல்லாம் சேர்ந்து ஒன்று எப்போதும் சூடாக இருக்கும். எல்லை தாண்டினால் அதுதான் முதலில் போகும், போனதும் வண்டி நின்றுவிடும். மற்ற மூன்றும் தப்பிக்கும். "மூன்று நன்றாக இருக்கிறது, ஆகவே மேப் குற்றவாளி இல்லை" என்று தாவ முடியாது. மேலும், ரெயில் அழுத்தத்தைக் கூட்டினால் நாசிலில் ஊசி உட்காரும் இடம் வேகமாகத் தேயும். இன்ஜெக்டர் ஒழுகியதற்கே மேப் காரணமாக இருக்கலாம்.

டீசலையும் விசாரிக்க வேண்டும். அறுவடை மெஷினுக்கு வயலில் பேரலில் வைக்கும் டீசலைப் பிக்கப்பிலும் ஊற்றுவது இங்கே வழக்கம். அதில் தண்ணீர் இருந்தால் ஊசி துருப்பிடிக்கும். ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகைத் திறந்து வடித்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். தண்ணீரால் வந்த துரு தயாரிப்புக் குறை ஆகாது.

வெண்ணாற்றங்கரை

அப்படியென்றால் மேப் கோப்பைத் திறந்து பார்ப்போம். ரெயில் அழுத்த அட்டவணையைத் தொட்டிருக்கிறார்களா இல்லையா என்பது கோப்பில் இருக்கும். தொடாமல் டார்க் வரம்பை மட்டும் கொஞ்சம் ஏற்றியிருந்தால் உங்கள் நாசில் வாதம் விழுந்துவிடும். ஈஜிஆர் அடைப்பையும் காரணப் பட்டியலில் சேர்க்கிறார்களே, அது எப்படி?

பம்ப் ரூம்

ஈஜிஆர் விஷயத்தில் வெண்ணாற்றங்கரை சொல்வது சரி. முழு லோடில் ஈஜிஆர் வால்வு ஏறக்குறைய மூடித்தான் இருக்கும். பிஸ்டன் உருகும் நிலையில் அந்தத் தகடு இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. ஓட்டைக்கு அதைக் காரணம் காட்டினால் ஏற்கவேண்டாம்.

அதற்காக அடைப்பது சரி என்று சொல்லவில்லை. பாதி லோடில் நைட்ரஜன் ஆக்சைடு ஏறும், எஸ்சிஆர் (யூரியா தெளித்து அந்த ஆக்சைடைக் குறைக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் யூரியா கணக்கு குழம்பும். டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) உள்ளே தட்டி எடுத்துவிட்டுச் சென்சாரை ஏமாற்றும் வேலை இதைவிட மோசம். கோப்பில் கரியை எரிக்கும் சுத்திகரிப்பு முறையாக அணைக்கப்படாவிட்டால் இசியூ கூடுதலாக டீசல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அது லைனர் வழியாக ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறையாமல் ஏறினால் உடனே சந்தேகப்பட வேண்டும். ஆயில் நீர்த்துப் போனால் போவது பேரிங், பிஸ்டன் தலை அல்ல. இந்த வண்டியில் பேரிங்கையும் பிரித்துப் பாருங்கள். மேற்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தால் கதை மாறும்.

மூணாறு தலைப்பு

சட்டத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 182ஏ(4)-இல் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-லேயே 87-ஆம் பிரிவில், பொருளை மாற்றியிருந்தால் விற்பனையாளர் மீது பொருள் பொறுப்பு வழக்கு நிற்காது என்று இருக்கிறது. வாணிப வண்டி வேறு. எந்த அடிப்படையில் போவீர்கள்?

வாய்தா

87-ஆம் பிரிவு இங்கே பொருந்தாது. பொருள் பொறுப்பு என்பது பழுதான பொருளால் வரும் "தீங்கு" பற்றியது. 2(22)-இல் தீங்குக்கு விளக்கம் தரும்போதே அந்தப் பொருளுக்கே நேர்ந்த சேதத்தை வெளியே விட்டிருக்கிறார்கள். இன்ஜின் கெட்டதற்கு இன்ஜின் கேட்பது அந்த வகை வழக்கே இல்லை. குறைபாடு, சேவைக் குறைபாடு என்றுதான் மனு போட வேண்டும்.

வாணிப வண்டி என்பதும் தடையில்லை. சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டுமே பயன்படுத்துபவர் 2(7) விளக்கத்தின்படி நுகர்வோர்தான். இவர் தானே ஓட்டுகிறார், ஒரே வண்டி. ஆர்சி, உரிமம், தவணைப் பதிவு போதும். ஐந்து வண்டிக்கு ஆள் போட்டு ஓட்டுபவருக்கு இந்த வாசல் சிரமம்.

வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. ஆய்வுக்கூடப் பரிசோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால் 38(2)(சி)-இன் கீழ் பொருளை முத்திரையிட்டு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அதற்குப் பொருள் கையில் இருக்க வேண்டும். பல மனுக்கள் தோற்பது சட்டத்தில் இல்லை, பழைய இரும்புக் கடையில். பிஸ்டனை எடைக்குப் போட்ட பிறகு ஆணையம் எதைப் பார்க்கும்?

52-ஆம் பிரிவு மீறல் உண்மைதான், அதற்கான அபராதம் தனி. எதிர்த்தரப்பு அதை எழுப்பும், தயாராகப் போங்கள். வாரண்டி நிபந்தனையே ஒருதலையானது என்று வாதிட நினைத்தால், நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகார் மாநில ஆணையத்துக்குப் போகும். இந்த வழக்குக்கு அந்தப் பாதை வேண்டாம் என்பது என் கருத்து.

பே நம்பர் 4

ஒரு எச்சரிக்கை. ஷோரூமுக்குப் போகும் முன் மேப்பைப் பழையபடி ஏற்றிவிடலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். செய்யாதீர்கள். எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பல இசியூக்களில் நிற்கும். மேப்பின் அடையாள எண்ணும் சரிபார்ப்பு எண்ணும் கம்பெனிப் பதிவோடு ஒப்பிடப்படும். அழித்தது தெரிந்தால் நல்ல கிளெய்மும் செத்துவிடும்.

என் நிலை இதுதான்: கிளெய்ம் என்னிடம் வந்தால், வெளியில் மாற்றிய மேப் இருந்தால் பிஸ்டன், டர்போ, ஹெட் கேஸ்கெட், கிளட்ச் நான்கிலும் மறுப்பதே என் முதல் பதில். ஏசி கம்ப்ரசர், ஸ்டியரிங், வயரிங் என்றால் மறுக்க மாட்டேன். அதையும் சேர்த்து "மொத்தமும் ரத்து" என்று சொன்ன ஷோரூம் தவறு. மூன்றாம் இன்ஜெக்டர் பெஞ்சில் தோற்று, மற்ற மூன்றும் அளவுக்குள் இருந்து, கோப்பில் ரெயில் அழுத்தம் தொடப்படாமல் இருந்தால் என் பதிலை மாற்றிக்கொள்வேன். இன்ஜெக்டர் தேர்ச்சி பெற்றால் மாற்ற மாட்டேன்.

வெண்ணாற்றங்கரை

ஏற்கிறேன். மறுப்பை எந்த நிபந்தனை எண்ணின்படி என்று எழுத்தில் கேட்டு, இரு தரப்பும் இருக்கும்போதுதான் கழற்ற வேண்டும் என்று பதிவுத் தபாலில் இன்றே அனுப்பச் சொல்கிறேன். முழு வாரண்டி என்று கேட்கவில்லை. இன்ஜெக்டரும் அதனால் போன மூன்றாம் சிலிண்டர் பாகங்களும் மட்டும்.

பம்ப் ரூம்

ஆயிலை வடிப்பதற்கு முன் தகவல் சொல்லச் சொல்லுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் 100 மி.லி. சுத்தமான பாட்டிலில் பிடித்துத் தேதி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். டீசல் கலப்பு, சிலிக்கான், அலுமினியம், செம்பு நான்கும் அறிக்கையில் வேண்டும். சிலிக்கான் ஏறியிருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கலாம், உருகிய பிஸ்டனிலிருந்தும் வந்திருக்கலாம். ஃபில்டர் பெட்டியின் ரப்பர் வளையத்தை அன்றைக்கே போட்டோ எடுங்கள். ஜாப் கார்டில் "கழற்றும் கூலி வாடிக்கையாளர் பொறுப்பு" என்று இருந்தால், கிளெய்ம் ஏற்கப்பட்டால் கூலி கிடையாது என்று பக்கத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.