48 டிகிரி வெயிலில் எலக்ட்ரிக் கார்: பேட்டரி தாங்குமா?

கேள்வி: வெயில்வாசி

நான் இருப்பது பாலைவன ஊர். கோடையில் மூன்று நாலு மாதம் பகல் வெயில் 45-ஐத் தாண்டித்தான் இருக்கும், சில நாள் 48, 49 கூடத் தொடும். ஐந்து வருஷம் ஓடிய எலக்ட்ரிக் கார் ஒன்று என் கைக்கு எட்டும் விலையில் வருகிறது. ஆபீஸில் நிழல் கிடையாது, காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை திறந்த வெயிலில்தான் நிற்கும். வீட்டில் கூரை போட்ட இடம் இருக்கிறது. தினமும் போக வர 70 கிலோமீட்டர். கேட்டவர்கள் எல்லாரும் இந்த ஊர் வெயிலுக்கு பேட்டரி மூன்று வருஷத்தில் போய்விடும், ஏசி போட்டால் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) பாதியாகிவிடும் என்கிறார்கள். பின் சீட்டில் கைக்குழந்தை வரும், அதனால் ஏசி இல்லாமல் ஐந்து நிமிடம்கூட முடியாது. இந்த மாதிரி ஊரில் ஓட்டியவர்கள் சொல்லுங்கள், வாங்கலாமா?

பதில்: நிழல்தேடி

ஆறு கோடை பார்த்துவிட்டேன், என் கார் இன்னும் நன்றாக ஓடுகிறது. வாங்கலாம், ஆனால் முதலில் ஒன்றை விசாரியுங்கள்: அந்தக் காரின் பேட்டரியைக் குளிர்விக்க கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ஓடுகிறதா, இல்லை சும்மா காற்றில் ஆறட்டும் என்று விட்டிருக்கிறார்களா? முதல் தலைமுறை நிஸான் லீஃப் என்ற எலக்ட்ரிக் காரில் அது இல்லை. 2012-இல் அமெரிக்காவில் அரிசோனா பக்கம் அந்தக் காரை ஓட்டியவர்கள், கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகள் சீக்கிரமே ஒவ்வொன்றாகக் குறைவதைக் கண்டு புகார் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் 5 வருஷம் அல்லது 60,000 மைலுக்குள் 9 கோட்டுக்குக் கீழே போனால் சரிசெய்து தருவோம் என்று உத்தரவாதம் வந்தது. உங்களைப் பயமுறுத்தும் கதைகளில் பாதி அந்தக் காலத்தில் கிளம்பியவைதான். இப்போது வரும் பெரும்பாலான கார்களில் கூலன்ட் ஓடுகிறது, ஏசி கம்ப்ரஸரே பேட்டரியையும் சேர்த்துக் குளிர்விக்கிறது. சில கார்கள் வெயிலில் நிற்கும்போது தானாகவே மோட்டார் போட்டு உறுமும், முதல் தடவை கேட்டபோது நான் ஏதோ கெட்டுவிட்டதென்று ஓடிப் போய்ப் பார்த்தேன், அது பேட்டரியைக் குளிர்விக்கும் சத்தம்.

பேட்டரியைக் கெடுப்பது வெயிலில் ஓட்டுவதைவிட, முழுச் சார்ஜோடு வெயிலில் நிற்பதுதான். சூடு ஏற ஏற உள்ளே நடக்கும் வேதிச் சிதைவு வேகமாகும், நூறு சதவீதத்தில் நின்றால் அது இன்னும் கூடும். உங்களுக்கு 70 கிலோமீட்டர்தானே, இரவில் 70 சதவீதம் போதும் என்று காரிலேயே வரம்பு வைத்துவிடுங்கள், ஆபீஸ் போய்ச் சேரும்போது 55, 60-இல் நிற்கும். அப்புறம், மாலையில் வீட்டுக்கு வந்ததும் ப்ளக்கைச் சொருகாதீர்கள். பேட்டரி ஓடிய சூட்டில் இருக்கும், கீழே தரையும் அனல் கக்கிக்கொண்டிருக்கும். நள்ளிரவுக்கு மேல் சார்ஜ் ஏறும்படி நேரம் வைத்தால் விடியும்போது முடிந்திருக்கும். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால் சூட்டைக் கொஞ்சம் கூடத் தாங்கும், அதை மட்டும் அவ்வப்போது நூறுவரை ஏற்றச் சொல்வார்கள், இல்லையென்றால் மீட்டர் தப்பாகக் காட்டும். அப்படி ஏற்றிய நாளில் உடனே ஓட்டிச் செலவழித்துவிடுங்கள். ஊருக்குப் போய் ஒரு மாதம் கார் நிற்கும் என்றால் 50 சதவீதத்தில், நிழலில் விட்டுப் போங்கள்.

பதில்: மணல்மேடு

ஏசி விஷயத்துக்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் சின்னக் குழந்தை. பாதியாகும் என்பது பொய். வெயிலில் நின்ற காரை ஆற்றும் முதல் பத்து நிமிடம் நாலைந்து கிலோவாட் இழுக்கும், ஆறிய பிறகு ஒன்றிலிருந்து இரண்டுக்குள் நின்றுவிடும். போக வர சேர்த்து ஒன்றரை மணி நேரம் என்றால் சுமார் மூன்று யூனிட். 70 கிலோமீட்டர் ஓட என் காருக்குப் பதினோரு யூனிட் ஆகிறது, அதோடு இந்த மூன்று. ஐந்தில் ஒரு பங்குதான்.

இதில் பெட்ரோல் காரைவிட நிம்மதி ஒன்று உண்டு. கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால் போனிலிருந்தே ஏசியைப் போட்டுவிடலாம். பூட்டிய கார் வெயிலில் 60 டிகிரிக்கு மேல் போகும், சீட் பெல்ட்டின் கொக்கி குழந்தையின் தொடையில் பட்டால் சுட்டுவிடும். நான் அந்தக் கொக்கியை என் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளையை உட்கார வைப்பேன், ஏசி போட்டிருந்தாலும் சரி. கூரை கண்ணாடியாக இருந்தால் உள்பக்கம் ஒரு மறைப்புத் துணி கட்டாயம் வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. உச்சிவெயிலில் நெடுஞ்சாலையில் ஃபாஸ்ட் சார்ஜ் போட்டபடி குழந்தையோடு உள்ளே உட்காராதீர்கள். அந்த நேரம் கம்ப்ரஸர் பேட்டரியைத்தான் முதலில் கவனிக்கும், உள்ளே வரும் காற்று வெதுவெதுப்பாகிவிடும். எங்களுக்கு அப்படி ஆகி, பிள்ளை முகம் சிவந்து அழுது, பாதியிலேயே பிடுங்கிவிட்டுக் கிளம்பினோம். சூடு கூடினால் சார்ஜரும் வேகத்தைக் குறைத்துவிடும், அரை மணி என்று நினைத்தது ஒரு மணி ஆகும். நீண்ட பயணமென்றால் விடிகாலையில் கிளம்பிவிடுங்கள்.

பதில்: பழையசாவி

பெரிய பேட்டரியையே எல்லாரும் பேசுகிறார்கள், என்னை நடுரோட்டில் நிறுத்தியது சின்ன 12 வோல்ட் பேட்டரி. எலக்ட்ரிக் காரிலும் அது உண்டு, அது செத்தால் பெரியதில் 80 சதவீதம் இருந்தாலும் கார் உயிர் பெறாது. இந்த வெயிலில் சாதாரண லெட் ஆசிட் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் தாங்குவதில்லை. பழைய கார் வாங்கினால் அதை முதல் வாரமே மாற்றிவிடுங்கள்.

அப்புறம் வீட்டுச் சாக்கெட். வாங்கிய புதிதில் சுவரில் இருந்த சாதாரண 13 ஆம்ப் சாக்கெட்டிலேயே ராத்திரி முழுக்கப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் பிடுங்கினால் ப்ளக் வரவில்லை. இழுத்துப் பார்த்தபோது ஒரு பக்கத்து முள்ளைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாகி இளகி, சாக்கெட்டோடு ஒட்டிக்கிடந்தது. உள்ளே கம்பி இறுக்கமில்லாமல் இருந்ததாம், மணிக்கணக்கில் மின்சாரம் ஓடியதில் சூடேறியிருக்கிறது. தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து தனி லைன், தனி பிரேக்கர் போட்டு முறையான சார்ஜர் மாட்டுங்கள், அதையும் வெயில் படாத சுவரில்.

டயர் காற்றைக் காலையில் கார் எடுப்பதற்கு முன்னால் பாருங்கள். சூடு ஐந்தாறு டிகிரி கூடினால் டயரின் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ ஏறும், மதியம் பார்த்து அதிகமாக இருக்கிறதென்று காற்றை இறக்கினால் ராத்திரி குறைந்து நிற்கும், குறைந்த காற்றில் ஓட்டினால்தான் டயர் இன்னும் சூடாகி வெடிக்கும்.

வெயில்வாசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. விற்பவரிடம் கேட்டேன், கூலன்ட் ஓடும் பேட்டரிதான். சனிக்கிழமை ஓட்டிப் பார்க்கப் போகிறேன், வேறு என்ன பார்க்க வேண்டும்?

நிழல்தேடி

காலையில் போகாதீர்கள், மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று சர்வீஸ் சென்டரில் எடுத்த அறிக்கை கேளுங்கள், மீட்டர் காட்டும் ரேஞ்சை நம்ப வேண்டாம். ஏசியை முழுசாகப் போட்டு 30 கிலோமீட்டர் ஓட்டி எத்தனை சதவீதம் இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அதே சூட்டில் ஃபாஸ்ட் சார்ஜரில் பத்து நிமிடம் போட்டு வேகம் குறைகிறதா என்று பாருங்கள். கார் எங்கே நின்றது, நிழலிலா வெயிலிலா என்பதையும் கேளுங்கள். டாஷ்போர்டு வெளுத்து வெடித்திருந்தால் அவர் என்ன சொன்னாலும் வெயிலில்தான் நின்றிருக்கிறது.