தரையிறங்காமல் மேலேறிய விமானம்: உங்கள் அனுபவம் வேண்டும்

போன வாரம் அம்மா கோவையிலிருந்து சென்னைக்கு முதன்முறையாக விமானத்தில் வந்தார். மீனம்பாக்கத்தில் நல்ல மழை. வீடுகளின் மொட்டைமாடி தெரிகிற அளவுக்கு இறங்கிவிட்டு, இன்ஜின் உறும மறுபடி மேலேறிவிட்டதாம். பக்கத்து இருக்கைப் பெண்ணின் கையை அம்மா விடவே இல்லை. இரண்டாவது முறை பத்திரமாக இறங்கினார்கள்.

ஓடுபாதையிலிருந்து வரும் ரேடியோ சிக்னலைப் பிடித்து இறங்கும் வழக்கமான ஐஎல்எஸ் இறக்கத்தில் 200 அடி உயரத்துக்கு வந்தும் ஓடுபாதை தெரியாவிட்டால் விமானி மேலேறத்தான் வேண்டும், காற்று சட்டென்று மாறினாலும் அப்படித்தான் என்று விளக்கினேன். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயலன்று சென்னையில் ஒரு விமானம் இதேபோல் இறங்க வந்துவிட்டு மறுபடி மேலேறியதையும் சொன்னேன். அம்மா மனம் ஆறவில்லை. ஜனவரியில் தங்கையின் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போயாக வேண்டும்.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? அப்புறம் எப்படி விமானம் ஏறினீர்கள்? பெரியவர்கள் யாராவது குரல் பதிவாக அனுப்பினால் அம்மாவுக்குப் போட்டுக் காட்டுவேன்.