வங்கிச்செடியா, செவிலிச்செடியா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பயிருக்கு நன்மை செய்யும் பூச்சியை வளர்ப்பதற்காகவே குடிலுக்குள் வைக்கும் செடியை ஆங்கிலத்தில் "banker plant" என்கிறார்கள். பசுமைக்குடில் கையேட்டுக்கான சொற்பட்டியலில் அதற்கு ஐயா அவர்கள் "வங்கிச்செடி" என்று முன்மொழிந்திருந்தார்கள். அதற்கு அம்மா அவர்கள், "கவர்ச்சிப்பயிர் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதுவே போதாதா?" என்று கேட்டிருந்தார்கள். இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் சொல்லுமுன் அந்தச் செடி என்ன வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்து எழுதிவிடுகிறேன். வேலை விளங்காமல் பெயர் வைத்தால் அது ஒட்டாது.

குடைமிளகாய்க் குடிலுக்குள், சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி எந்த நாளில் நுழையும் என்று யாராலும் சொல்ல முடியாது. நுழைந்துவிட்டால் ஆண் துணை இல்லாமலே குட்டி போடும். அந்தக் குட்டி ஏறத்தாழ ஒரு வாரத்தில் தானும் தாயாகிவிடும். கண்ணில் பட்ட பிறகு, அசுவினியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவிக்குச் சொல்லி அனுப்பினால், அது வந்து முட்டையிட்டு அடுத்த தலைமுறை வெளியே வர இரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் கொழுந்தெல்லாம் சுருண்டு, இலை பிசுபிசுத்து, கரும்பூசணமும் படர்ந்துவிடும். சரி, வாரந்தோறும் முன்கூட்டியே குளவி வாங்கி விட்டால்? அசுவினி இல்லாத குடிலில் முட்டையிட இடம் தேடியே அது செத்துப்போகும். காசு வீண்.

இதற்கு ஐரோப்பியக் குடில்களில் கண்ட வழி மிக எளிமையானது. பார்லியைத் தொட்டியில் விதைத்து, அதில் தானியப் பயிர்களைத் தாக்கும் ஒருவகை அசுவினியை ஏற்றுகிறார்கள். அது புல்லினத்தில் வாழ்வது. குடைமிளகாயையோ வெள்ளரியையோ தொடாது. அசுவினி பெருகும்வரை தொட்டியை வலையால் மூடிவைத்து, பிறகு குடிலுக்குள் ஆங்காங்கே வைத்து, அபிடியஸ் கோல்மனி என்ற குளவியை விடுகிறார்கள். இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள அந்தக் குளவிக்குப் பார்லி அசுவினியும் ஒன்றுதான், குடைமிளகாய் அசுவினியும் ஒன்றுதான். பார்லித் தொட்டியில் தலைமுறை தலைமுறையாகப் பெருகி, குடில் முழுவதும் சுற்றிக்கொண்டே இருக்கும். உண்மையான பகை வந்து இறங்கும் அன்றைக்கே ஆள் தயார்.

"Banker plant" என்ற ஆங்கிலப் பெயர் 1977-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது. அது தக்காளியில் வெள்ளை ஈயை அடக்கும் என்கார்சியா குளவியைப் பற்றியது. ஃபுளோரிடாவில் பப்பாளியையே இப்படிப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். பப்பாளியில் வாழும் வெள்ளை ஈ தக்காளிக்குத் தீங்கு செய்யாது. அதில் வளரும் குளவியோ தக்காளியின் வெள்ளை ஈயைத் தேடிப் போகும். இன்னொரு வகையில் இரைப்பூச்சியே தேவையில்லை. அழகுக்காக வளர்க்கும் ஒரு கருமிளகாய்ச் செடியின் மகரந்தத்தைத் தின்றே ஓரியஸ் என்ற இரைவிழுங்கிப் பூச்சி உயிரோடு காத்திருக்கும். இலைப்பேன் வந்ததும் அதைப் பிடிக்கும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். கவர்ச்சிப்பயிர் என்றால் நம் உழவருக்கு ஆமணக்கும் செண்டுமல்லியும் நினைவுக்கு வரும். அது தீமை செய்யும் பூச்சியைத் தன்பக்கம் இழுப்பது. நாம் பேசும் செடியோ நன்மை செய்யும் பூச்சியை வளர்த்து வெளியே அனுப்புவது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், பார்லியில் அசுவினியைக் கண்டதும் மருந்து அடித்துவிடுவார்கள். கவர்ச்சிப்பயிரில் அதுதானே வழக்கம்! இங்கே பெயர்க் குழப்பம் முறையையே கொன்றுவிடும்.

வங்கிச்செடி தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் விதை வங்கி, தீவன வங்கி என்று நாம் பழகிய வங்கிகளெல்லாம் சேமிப்பு இடங்கள். வைத்தது வைத்தபடி இருக்கும். இந்தச் செடியில் உயிர் வளர்கிறது என்ற செய்தியை அந்தச் சொல் தரவில்லை.

எனக்கு முதலில் பிடித்தது "நாற்றங்கால்". சிறிய இடத்தில் நெருக்கி வளர்த்துப் பெரிய வயலுக்குப் பரப்புவது என்ற கருத்து அப்படியே பொருந்துகிறது. மீன் வளர்ப்பிலும் நாற்றங்கால் குளம் என்கிறோம், ஆகவே உயிரினத்துக்கும் அந்தச் சொல் புதிதில்லை. ஆனால் "நாற்றங்கால் செடி" என்று எழுதிப் பார்த்தால் நாற்று என்றே படிக்கிறார்கள். வருத்தத்தோடு அதைக் கைவிட்டேன். பேச்சில் விளக்கும்போது "குளவி நாற்றங்கால்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

என் முன்மொழிவு: செவிலிச்செடி.

அகப்பாடல்களில் செவிலி பெற்றவள் அல்லள், வளர்த்தவள். அவள் வளர்த்த மகள் ஒருநாள் வீட்டைவிட்டு வேறிடம் போய்விடுகிறாள். பார்லியில் வளர்ந்த குளவியும் பார்லியில் தங்குவதில்லை. குடைமிளகாயை நோக்கிப் போகிறது. பார்லிக்கு அதனால் ஆதாயம் எதுவுமில்லை. இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் நமக்குள்ளேயே கிடக்கும்போது வங்கிக்குப் போவானேன்? வளர்ப்பவளின் பெயராக இருப்பதால் குளவிக்கும் பொருந்தும், இரைவிழுங்கிக்கும் பொருந்தும். இரண்டையும் குழப்பவும் செய்யாது.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். இளங்கன்றுக்கு நிழல் தரும் மரத்தைச் செவிலி மரம் என்று சிலர் எழுதுகிறார்கள். அதை நிழல்மரம் என்றே சொல்லிவிடலாம், பொருளும் தெளிவாகும். அது இயலாது என்றால் "குளவிச் செவிலி" என்று அடை சேர்க்கலாம், ஆனால் ஓரியஸுக்கு அது உதவாது.

பயன்பாட்டில் எப்படி ஒலிக்கிறது என்று பாருங்கள்:

"செவிலிச்செடியில் உள்ள அசுவினிக்கு மருந்து அடிக்காதீர்கள். அது உங்கள் பயிருக்கு வராது."

"செவிலிச்செடி பழுத்துவிட்டால் புதிய தொட்டி வையுங்கள். குளவியையே தாக்கும் வேறு குளவி அதில் பெருகிவிட்டால், தொட்டியை அகற்றிவிடுங்கள்."

"இந்தக் குளவி எல்லா அசுவினிக்கும் ஆகாது. உருளைக்கிழங்கு அசுவினிக்கு வேறு குளவி வேண்டும்."

"பக்கத்து நிலத்தில் கோதுமையோ மக்காச்சோளமோ இருந்தால் கவனம். செவிலிச்செடியின் அசுவினிக்கு அவையும் உணவு."

கடைசி வாக்கியத்தைக் கையேட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டும். நம் ஊரில் குடிலுக்கு வெளியே மக்காச்சோளம் நிற்பது சாதாரணம். குளிர்நாட்டு முறையை அப்படியே இறக்கினால் பக்கத்துக்காரருடன் சண்டைதான் மிஞ்சும். பார்லிக்குப் பதில் எந்தப் புல், எந்த அசுவினி என்பதை இங்குள்ள பூச்சியியலாளர்கள்தான் தேர்ந்து சொல்ல வேண்டும்.

"குளவி" என்றால் கொட்டும் என்று உழவர் அஞ்சுவாரே என்ற ஐயத்துக்கும் ஒரு வரி. 2008-இல் கோவைப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த சிறு குளவிதான் அடக்கியது. அதைக் கண்ட பப்பாளி, மல்பெரி உழவர்களுக்கு அந்த அச்சம் பெரிதாக இருக்காது.

இன்னும் ஒரு சொல் மீதி இருக்கிறது. குளவி வளர்ந்த அசுவினி உப்பி, பழுப்பேறி, வெறும் கூடாக இலையில் ஒட்டியிருக்குமே, அதை "மம்மி" என்றே விட்டிருக்கிறோம். நிறமும் எடையும் உமி போலவே இருப்பதால் "உமிக்கூடு" என்று எழுதிப் பார்த்தேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்.